கரண்டுச் சத்தமும் கதவுச் சத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் இருந்துகொண்டு, எலெக்ட்ரானிக் கருவிகளையும் அங்கங்கே பிடித்து வந்த சத்தங்களையும் வைத்து இசை செய்கிறேன். பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. டீக்கடையில், ரயிலில், சொந்தக்காரர் கல்யாணத்தில், மாணவர்கள் அனுப்பும் மடல்களில் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. பதில் சொல்லிச் சொல்லி நானே கீறல் விழுந்த ரெக்கார்டு ஆகிவிட்டேன். அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். கீறல் விழுந்த ரெக்கார்டுக்கும் என் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு, அது கீழே வரும்.

என்னதான் செய்கிறீர்கள்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

சத்தத்தைப் பதிகிறேன், வெட்டுகிறேன், இழுக்கிறேன், ஒன்றின் மேல் ஒன்றை அடுக்குகிறேன், ஸ்பீக்கர் வழியாகத் திரும்பக் கொடுக்கிறேன். போன வருடம் முடித்த 22 நிமிடத் துண்டில் இருப்பவை நாலே பொருள்: ஒரு கிணற்று ராட்டினம், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்யும்போது கண்ணாடியை அச்சுக்கு அடியில் வைக்கும் சத்தம், ஒரு பழைய வால்வு ரேடியோவின் விசில். வேறெதுவும் சேர்க்கவில்லை.

இதெல்லாம் இசையா?

அந்தத் துண்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பதினோரு நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர், எழுந்து போய் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே எனக்குப் பிடித்தது அது. தன் வீட்டு மோட்டாரை அவர் அவ்வளவு கவனமாக அதற்கு முன் கேட்டதே இல்லை.

ஒரு சத்தம் எப்போது வர வேண்டும், எதற்குப் பக்கத்தில் வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருந்தால் என் கணக்கில் அது இசைதான். உங்கள் கணக்கு வேறாக இருந்தால் 'ஒலிக்கலை' என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்காகச் சண்டை போடும் வயதைத் தாண்டிவிட்டேன்.

எப்படி இதற்குள் வந்தீர்கள்?

அப்பா மைக் செட் வைத்திருந்தார். கடை போர்டில் 'சவுண்ட் சர்வீஸ்' என்று இருக்கும். ஊரில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை, அவர் மைக் செட்டுக்காரர்தான். சடங்கு, கல்யாணம், கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம், மஞ்சுவிரட்டு என்று எதுவானாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் வேப்பமரத்தில் ஏறும். ஏழாம் வகுப்பிலேயே முறுக்கு விழாமல் ஒயர் சுற்றக் கற்றுக்கொண்டேன்.

அப்பாவுக்கு இருந்த ஒரே எதிரி, மைக் கூவுவது. மைக்கில் விழுந்த சத்தம் ஆம்ப்ளிஃபையருக்குப் போய், ஸ்பீக்கரில் பெரிதாகி வெளியே வந்து, மறுபடி அதே மைக்கில் விழும். இந்தச் சுற்று நிற்காமல் ஓடினால் ஏதோ ஒரு சுருதி மட்டும் வீங்கிக்கொண்டே போய் வீறிடும். அப்பா ஓடி வந்து வால்யூமைக் குறைப்பார். நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தால் கூவும் சுருதி மாறியது. பந்தல் நிறைய ஆள் இருந்தால் ஒரு மாதிரி கூவியது, காலியாக இருந்தால் வேறு மாதிரி. கூட்டம் கலைந்ததும், ஒயரைக் கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் அதைக் கூவவிட்டு விளையாடுவேன். ஒரு நாள் விழுந்த அறையில் காது அரை மணி நேரம் ரீங்கரித்தது. அந்தச் சுருதியும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, அப்புறம் சென்னையில் ஒரு டப்பிங் தியேட்டரில் நாலு வருடம். அங்கே என் வேலை காலடிச் சத்தம் போடுவது. திரையில் கதாநாயகன் நடப்பான், இங்கே நான் மணல் தட்டில் செருப்போடு நடப்பேன். ஒரு படத்தை வேறு மொழிக்கு விற்கும்போது, வசனத்தை எடுத்துவிட்டுப் பின்னணி இசையும் மற்றச் சத்தங்களும் மட்டும் உள்ள டிராக் ஒன்று கொடுக்க வேண்டும். ஒரு ராத்திரி சும்மா இருக்காமல் அதிலிருந்து இசையையும் அணைத்துவிட்டுக் கேட்டேன். இரண்டரை மணி நேரம் கதவு, மழை, வளையல், பஸ், மூச்சு. படத்தைவிட அது நன்றாக இருந்தது. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

இந்த மாதிரி இசையை யார் கண்டுபிடித்தது?

ஒருவரைக் கைகாட்ட முடியாது. 1913-ல் லூயிஜி ருஸ்ஸோலோ என்ற இத்தாலிய ஓவியர், இயந்திர இரைச்சலுக்கும் இசையில் இடம் வேண்டும் என்று ஒரு அறிக்கை எழுதினார். எழுதியதோடு விடாமல் இரைச்சல் போடும் பெட்டிகளையும் செய்தார். 1944-ல் கெய்ரோவில் ஹலீம் எல்-தப் என்ற இளைஞர் ரேடியோ நிலையத்தில் ஒரு கம்பிப் பதிவுக் கருவியைக் கடன் வாங்கினார். காந்த நாடா பரவுவதற்கு முன் மெல்லிய எஃகுக் கம்பியிலும் ஒலியைப் பதிவார்கள். பெண்கள் நடத்தும் 'சார்' என்ற பேயோட்டுச் சடங்கின் பாட்டைப் பதிந்து வந்து, நிலையத்திலேயே எதிரொலிக்க விட்டு மறுபடி பதிந்து ஒரு படைப்பாக்கினார். எனக்கு இவர் மேல் தனிப் பிரியம். கருவியைக் கடன் வாங்கி, ஆள் போகாத இடத்துக்குப் போய், திரும்பி வந்து ராத்திரி உட்கார்ந்து நோண்டுவது. இன்றைக்கும் தொழில் அதுதான்.

1948-ல் பாரிஸில் பியேர் ஷேஃபர் என்ற வானொலிப் பொறியாளர் ஒரு ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின்களைப் பதிந்தார். அந்த வருடம் அக்டோபரில் அது வானொலியில் ஒலிபரப்பானது. இந்த வகைக்கு அவர் வைத்த பெயர் 'முசீக் காங்க்ரெத்'. நமக்குக் கான்கிரீட் என்றதும் சிமெண்ட்தான் நினைவுக்கு வரும். அவர் சொன்னது வேறு. தாளில் எழுதிய சுரத்திலிருந்து தொடங்காமல், கையில் கிடைத்த நிஜச் சத்தத்திலிருந்து தொடங்குவது.

ஷேஃபரிடம் அப்போது டேப் கிடையாது, இசைத்தட்டில்தான் வெட்டினார். தட்டின் பள்ளம் சுருளாக உள்ளே போகாமல் தன்னோடு தானே முட்டி வட்டமாகிவிட்டால் முள் அங்கேயே சுற்றும். 78 வேகத் தட்டில் ஒரு சுற்று முக்கால் நொடிதான். அந்த முக்கால் நொடிச் சத்தம் திரும்பத் திரும்ப வரும். அதாவது, கீறல் விழுந்த ரெக்கார்டு! சொன்னதையே சொல்கிறவரைத் திட்ட நாம் வைத்திருக்கும் உவமை அவருக்கு வாத்தியம் ஆனது. இன்று எல்லா இசை மென்பொருளிலும் இருக்கும் லூப் அதே ஆள்தான், உடுப்பு மட்டும் புதுசு.

இந்தியாவில் உங்களுக்கு முன்னால் யாராவது உண்டா?

நான்தான் முதல் ஆள் என்று இரண்டு வருடம் மனசுக்குள் கிரீடம் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஆமதாபாத் கதை தெரிந்தது. 1969-ல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், டேவிட் டியூடர் என்ற அமெரிக்கக் கலைஞர் மின்சுற்றாலேயே சத்தம் உண்டாக்கும் ஒரு மூக் சின்தசைசரை நிறுவி எலெக்ட்ரானிக் இசை ஸ்டூடியோ அமைத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். டேப்புகள் பல பத்தாண்டுகள் நிறுவனத்திலேயே கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்து, 1969 முதல் 1972 வரையிலான பதிவுகள் 2023-ல் இசைத்தட்டாக வந்தன. நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன வேலை. கிரீடத்தைக் கழற்றி வைத்தேன்.

இந்த கீதா சாராபாய் பக்கவாஜ் என்ற வட இந்திய மேளம் வாசித்தவர். 1946-ல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு மேற்கத்திய இசை நுணுக்கம் கற்றுக்கொண்டார். இசை எதற்கு என்று கேஜ் கேட்டதற்கு, மனசை அடக்கி அமைதிப்படுத்தத்தான் என்று தன் குரு சொன்னதை அவர் சொன்னாராம். அதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்ட கேஜ்தான், 1952-ல் 4 நிமிடம் 33 நொடி வாத்தியக்காரர் ஒன்றும் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும் படைப்பைக் கொடுத்தார். அரங்கத்தில் அப்போது என்ன கேட்கிறதோ அதுதான் கச்சேரி.

சென்னையில் இருந்தால் வாய்ப்பு அதிகம் இல்லையா?

வாய்ப்பு அதிகம், வாடகையும் அதிகம். அதோடு என் கச்சாப்பொருள் இங்கேதான் இருக்கிறது. இந்த ஊருக்கு ஒலித்தொழில் புதுசும் இல்லை. 1940களின் பிற்பாதியில் ஏவி.எம். ஸ்டூடியோ சென்னைக்குப் போய் நிலைப்பதற்கு முன் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஓடியது.

அழிந்துவரும் செட்டிநாட்டு ஒலிகளைப் பாதுகாக்கிறீர்கள், இல்லையா?

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். கேட்கும்போதே 'ஆமாம்' என்ற பதிலையும் எழுதிக்கொள்கிறார்கள். இல்லை. நான் அருங்காட்சியகம் நடத்தவில்லை.

ஆட்டுக்கல் சத்தம் கேட்டுக் கண்கலங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் அதில் மாவாட்டியவர் ஒருவரும் இல்லை. என் அம்மா ஆட்டியவர். வீட்டுக்கு கோயம்புத்தூர் கிரைண்டர் வந்த அன்று அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "பாட்டுக் கேக்குற மாதிரி இருக்கு" என்றார். அம்மாவின் காதை நான் நம்புகிறேன்.

இந்தப் பெரிய வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியவர்கள் பழமை விரும்பிகளா என்ன? பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், ஐரோப்பாவிலிருந்து கண்ணாடி, விளக்கு என்று அந்தக் காலத்தில் எது புதுசோ அதைக் கப்பலில் ஏற்றி வந்தவர்கள். கிராமபோன் வந்தபோது அதையும் வாங்கினார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்தக் கிராமபோன்களும் வால்வு ரேடியோக்களும் இன்றைக்கும் கிடைக்கின்றன. எனக்கு முக்கால்வாசிக் கருவி அங்கிருந்துதான். மீடியம் வேவில் சிலோன் பிடிக்க முள்ளைத் திருகும்போது ஒரு விசில் ஏறி இறங்குமே, அது பக்கத்துப் பக்கத்து அலைகள் இரண்டு மோதுவதால் வருவது. 1920 வாக்கில் ரஷ்யாவில் உருவான, தொடாமலே வாசிக்கும் தெரமின் என்ற கருவியும் அதே தத்துவம்தான். ஆகச் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் ஆளாளுக்குத் தெரமின் வாசித்திருக்கிறார்கள், தெரியாமலே.

பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் இன்றைக்கு என்ன கேட்கும் என்று சொல்கிறேன். முற்றத்தைச் சுற்றிய வளவின் உத்தரத்தில் புறா. முற்றத்தில் எங்கிருந்தோ வந்த மயில். இரண்டாங்கட்டில் வாட்ச்மேன் ஃபிரிட்ஜ். முகப்பில் கேமராப் பெட்டியின் குட்டி மின்விசிறி. இன்வெர்ட்டர். வருடத்தில் ஒருமுறை, முன்னோரைக் கும்பிடும் 'படைப்பு' சடங்குக்கு எல்லாரும் வந்து இறங்கும்போது நாலைந்து நாள் சூட்கேஸ் சக்கரம், சிங்கப்பூர் ஆங்கிலம், குழந்தைகள். பிறகு மறுபடி ஃபிரிட்ஜ். இதில் எதை வெட்டி எறிந்துவிட்டு 'பாரம்பரிய ஒலி' என்று நான் கொடுப்பது? பாரம்பரிய விடுதி ஒன்றுக்கு வரவேற்பறையில் ஒலிக்க ஒரு படைப்பு செய்து கொடுத்தேன். அடுப்படி உலக்கையோடு வாட்ச்மேன் செல்போன் பாட்டும் அதில் இருந்தது. வீணையும் குருவியும் போட்டுத் தரச் சொன்னார்கள். பாதிப் பணம்தான் வந்தது.

அந்த வீடுகளுக்குள் ஒலி எப்படி இருக்கும்?

தெருவிலிருந்து பின்தெரு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் வாசல்கள் அமைந்த வீடுகள் உண்டு. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். நான் வேலை செய்த ஒரு வீடு ஏறக்குறைய 60 மீட்டர் நீளம். பின்கதவைச் சாத்திவிட்டு முன்னால் நின்று கை தட்டினால் சத்தம் போய்த் திரும்ப ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நடுவில் முற்றம் திறந்திருப்பதால் பாதிச் சத்தம் மேலே பறந்துவிடும், மீதிதான் வரும். கூரை மூடிய கூடத்தில் கதையே வேறு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும் சலவைக்கல் தரையும் சத்தத்தைக் குடிப்பதே இல்லை, திருப்பித் திருப்பி எறியும். அங்கே இருமினால்கூடக் கௌரவமாகக் கேட்கும்.

1969-ல் ஆல்வின் லூசியர் என்ற அமெரிக்கர் ஒன்று செய்தார். ஒரு அறையில் தான் பேசியதைப் பதிந்து, அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிந்து, அதை மறுபடி ஒலிக்கவிட்டுப் பதிந்து, இப்படியே போனார். ஒவ்வொரு அறைக்கும் தனக்குப் பிடித்த சில சுருதிகள் உண்டு. அவற்றை மட்டும் அறை பெரிதாக்கும், மற்றதை விட்டுவிடும். ஒரு கட்டத்தில் பேச்சு கரைந்துபோய் அறையின் சுருதிகள் மட்டும் நிற்கும். மைக் கூவுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. இங்கே ஓட்டம் நிதானம், அவ்வளவுதான்.

அப்பாவின் குரல் ஒரு பழைய கேசட்டில் இருந்தது: "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." அதை ஒரு கூடத்தில் இப்படி முப்பத்தோரு தடவை ஓடவிட்டேன். ஆறாவது தடவை வரை அப்பா தெரிந்தார். பத்தாவதில் யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி. இருபதுக்கு மேல் 'ஹலோ' என்ற சொல்லின் ஏற்ற இறக்கம் மட்டும் நாதஸ்வரம் மாதிரி மிதந்தது. கடைசியில் மூன்றே மூன்று சுருதி, மூச்சு விடுவது போல. கூடம் தன் பங்கைச் சொல்லிவிட்டது. அப்பாவைக் கூட்டி வந்து கேட்கவைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "பேஸ் ஜாஸ்தி" என்றார்.

கரண்டுச் சத்தத்தின் மேல் ஏன் இவ்வளவு பித்து?

நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஆடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு முறை விம்மித் தணிவதால், நம் காதில் விழும் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 அதிர்வு. ஆர்மோனியத்தில் இதைத் தேடிப் பாருங்கள். ஐந்து கட்டை 98 ஹெர்ட்ஸ். ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இது உட்கார்ந்திருக்கிறது. காரைக்குடியில் மட்டும் இல்லை, தேசம் முழுக்க இதே சுருதி. யாரும் சேர்க்காமலே கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 60 தடவை, அங்கே சுருதி வேறு. அங்கே போய் வேலை செய்த ஒரு மாதம் எதிலோ ஒன்று இடிக்கிற மாதிரியே இருந்தது. திரும்பி வந்து வீட்டு ஃபிரிட்ஜ் ஓடியதும்தான் ஊருக்கு வந்த நினைப்பு வந்தது.

என் படைப்புகள் பெரும்பாலும் இந்தச் சுருதியில்தான். கதவு, ராட்டினம், தறி எல்லாவற்றையும் இதற்குச் சேர்க்கிறேன். ஒலிப்பதிவில் இந்த 'ஹம்' வந்தால் குற்றம், அதை அகற்றத் தனி மென்பொருள் விற்கிறார்கள். நான் விட்டு வைக்கிறேன்.

பதிவு செய்ய வீட்டுக்காரர்கள் அனுமதிக்கிறார்களா?

கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். கேட்காமல் எடுத்தால் ஊரே நினைவு வைத்திருக்கும். ஒரு வீட்டில் பெட்டகச் சாவி, முழங்கை நீளம். பூட்டுக்குள் அது மூன்று சுற்றுச் சுற்றும்போது வரும் கடகடப்புக்காக ஆறு மாதம் அலைந்தேன். அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பது வயசு இருக்கும். என் மைக்கையும் ஹெட்ஃபோனையும் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, எதை எடுக்கப் போறீக?"

"சாவிச் சத்தத்தை மட்டும், ஆச்சி."

"சத்தத்த எடுத்துக்கிட்டுப் போங்க. சாவிய வச்சுட்டுப் போங்க."

சில இடங்களில் நானே மைக்கை எடுப்பதில்லை. ஒப்பாரி அதில் ஒன்று. அனுமதி தருகிறேன் என்று சொன்னவர்களிடமும் வேண்டாம் என்றிருக்கிறேன். நல்ல பதிவாக வந்துவிடுமோ என்ற பயம்தான்.

ஆரம்பிக்க என்ன கருவி வாங்க வேண்டும்?

முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் செல்போனில் ஒரு மாதம் பதியுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் கையடக்க ரெக்கார்டர் ஒன்றும் காதை மூடும் ஹெட்ஃபோனும் வாங்கலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற தரத்தில் பதிந்தால் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். காற்றுக்கு மைக்கின் தலையில் ரோமத் தொப்பி அவசியம், இல்லாவிட்டால் கண்மாய்க்கரையில் எடுத்ததெல்லாம் புயல் செய்தி மாதிரி இருக்கும்.

சிக்கனமான வேடிக்கை இரண்டு உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பஸ்ஸருக்குப் போடும் பீசோ தகடு இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் ஒயரைப் பற்றவைத்து ஒரு பொருளின் மேல் ஒட்டினால், காற்றில் வரும் சத்தத்தை விட்டுவிட்டு அந்தப் பொருளின் உடம்புக்குள் ஓடும் அதிர்வைப் பிடிக்கும். கிணற்றுக் கயிறு கட்டிய இரும்புக் குழாயில் ஒட்டிப் பாருங்கள், தூங்க மாட்டீர்கள். நேரே கணினியில் செருகினால் அடிச்சத்தம் போய்ச் சன்னமாகக் கேட்கும். நடுவில் இதற்கென்றே உள்ள சின்ன ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்று வேண்டும். இன்னொன்று, கெட்டுப்போன டேப்ரெக்கார்டரில் டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைக் கழற்றி ஆம்ப்ளிஃபையரில் கொடுத்துவிட்டு, அதை செல்போன், இன்வெர்ட்டர், எல்இடி பல்பு பக்கமாக நகர்த்துவது. காதுக்கு எட்டாத மின்காந்தச் சந்தடியெல்லாம் கேட்கும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, சொந்தமாகக் கருவி கட்ட ப்யூர் டேட்டா, இரண்டும் இலவசம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், மைக் எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் மூன்று இடத்தில் வையுங்கள். ஒரே ஒரு டிஸ்க்கில் வைத்திருந்த மூன்று வருட வேலை எனக்கு ஒரு ஆடி மாதக் காலையில் 'டிக் டிக்' என்று போனது. அந்த டிக் டிக்கைப் பதிந்து வைத்திருக்கிறேன்.

மார்கழியில் அதிகாலைப் பதிவுக்குத் திட்டம் போடாதீர்கள். எல்லாக் கோயிலிலும் ஸ்பீக்கர்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஆவணப்படம், குறும்படங்களுக்கு ஒலி வடிவமைப்பு, அதுதான் பெரிய பங்கு. அடுத்தது கண்காட்சிகள். ஒரு அறைக்குள் எட்டு ஸ்பீக்கர் வைத்து மூன்று மாதம் ஓடவிடுவது போன்ற வேலை. பிறகு நவீன நாடகம், நடனம், கல்லூரிப் பட்டறைகள். பெங்களூரில் 1993 முதல் இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற அமைப்புகள் கலைஞர்களுக்கு நல்கை தருகின்றன. விண்ணப்பம் எழுதுவது தனிக் கலை. எனக்கு நாலாவது தடவைதான் கிடைத்தது, முதல் மூன்றும் என் பெருமையைப் பற்றியே இருந்தன. இணையத்தில் ஆல்பம் விற்பதில் டீச்செலவு வரும். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளம் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணம் அனுப்பும் கட்டணமும் போக மீதி நமக்கு.

இன்னும் ஒன்று. இப்போதும் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் செய்கிறேன். முதல் ஆறு வருடம் வீட்டு வாடகை என் மனைவியின் சம்பளத்தில் போனது, அவர் பள்ளி ஆசிரியை. மேடையில் 'கனவைத் துரத்துங்கள்' என்று பேசுகிறவர்கள் இந்த மாதிரி வரவு செலவையும் சொல்லிவிட்டுப் பேசினால் நல்லது.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

கதவுக்கும் மழைக்கும் உரிமையாளர் கிடையாது. நீங்கள் எடுத்த பதிவு உங்களுடையது. சிக்கல் தூரத்து ஸ்பீக்கரில் ஓடும் சினிமாப் பாட்டால் வருவது. 1957-ம் வருடச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. பாட்டின் மெட்டுக்கும் வரிக்கும் எழுதியவர் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம். ஆகத் திருவிழாவைப் பதியும்போது பாட்டு நிற்கும் இடைவெளிக்குக் காத்திருப்பேன்.

ஒருமுறை தலைகீழாகவும் நடந்தது. என் போர்வெல் மோட்டார் பதிவை ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினேன். இது வேறொருவரின் இசை என்று அந்தத் தளத்தின் இயந்திரம் கொடி காட்டிவிட்டது. மேல்முறையீட்டில் 'இது என் வீட்டு மோட்டார், இரண்டு குதிரைசக்தி' என்று எழுதினேன். பதினோரு நாள் கழித்து விட்டார்கள்.

கர்நாடக சங்கீதம் தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. தெரிந்தால் காது கூர்மையாக இருக்கும், ஆனால் அந்தக் காது சில சத்தங்களை வாசலிலேயே நிறுத்தியும் வைக்கும். இந்த ஊர் பேரைச் சொன்னாலே வீணை ஞாபகம் வரும். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவரான சுப்பராமய்யர் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்தி வைத்து வாசித்தவர். சங்கீதத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கலக்கலாமா என்று என்னிடம் கோபப்பட்ட ஒரு பெரியவர், அன்று மாலை போன கச்சேரியில் பாடகர் பக்கத்தில் இருந்தது பிளக்கில் செருகிய தம்புராப் பெட்டி. பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர் அதை உருவாக்கிய முன்னோடி. பெரியவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் நிகழ்ச்சி எப்படி இருக்கும்?

விளக்கை அணைத்துவிடுவேன். நாலு மூலையில் நாலு ஸ்பீக்கர், நடுவே ஜமக்காளம். உட்காரலாம், படுக்கலாம், தூங்கலாம். குறட்டையை இடைஞ்சலாக நினைப்பதில்லை. வெளியூர் விழா ஒன்றில் நான் மைக்கைக் கூவவைத்துக்கொண்டிருந்தபோது, ஒலிக்காரர் பதறி ஓடி வந்து ஒயரைப் பிடுங்கிவிட்டார். நாலாவது நிமிடத்தோடு கச்சேரி முடிந்தது. கோபம் வரவில்லை. அப்பா அந்த இடத்தில் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

கல்யாணத்துக்கு வாசிப்பீர்களா?

மைக் செட் போட வருவேன்.

செயற்கை நுண்ணறிவிடம் 'செட்டிநாட்டு வீட்டுச் சத்தம்' என்று தட்டினால் வந்துவிடாதா?

வரும். தட்டிப் பார்த்தேன். மழை, மணி, குருவி, வீணை. விடுதிக்காரர்கள் கேட்டதே கேட்டபடி வந்தது. ஃபிரிட்ஜ் இல்லை.

நேரில் வந்து கேட்கலாமா?

தாராளமாக. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வாருங்கள், பகலில் பக்கத்து வீட்டில் மாவு அரைத்து விற்கிறார்கள், கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இல்லை, பகலிலேயே வாருங்கள்.